தங்கத்துக்கு மீன்

அத்தியாயம் 11

எறும்பைப் பார்த்த பிறகுதான் சீதாலெட்சுமிக்குப் பயம் வந்தது.

பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் பூனை தங்கம் ஈரம் பண்ணிய இடத்தைச் சுற்றிக் கறுப்பாய் மொய்த்துக் கிடந்தன. பாகு சிந்திய இடத்தில் மொய்ப்பதைப் போல. தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். விளக்குமாற்றைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வரிசை கட்டிவிட்டன.

தங்கம் தொட்டி ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அது எந்நேரமும் தண்ணீர்தான் குடிக்கிறது. குடித்துவிட்டு நடந்தால் பின்னங்கால்களின் குதி முழுவதும் தரையில் பதிய, நொண்டி முயல் மாதிரி தத்திப் போகிறது.

ஹட்டன் பஜாரில் செல்லசாமி பிள்ளை கடைப் பூனையைத் தெரியாதவர்கள் இல்லை. போன வருஷம் வரைக்கும் அதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அரிசி மூட்டை மேல் வயிறு வழியப் படுத்திருக்கும். எலிகள் அதன் மூக்குக்கு முன்னாலேயே சாக்கைக் கடிக்கும். தேயிலைத் தோட்டங்களில் கூலியைக் குறைத்து, பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்ட நேரம் அது. சாமான் வாங்க வந்த பெண்கள் பூனையைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சீதாலெட்சுமியின் காதில் செல்லச் சிரிப்பாகவே விழுந்தது.

இப்போது அதே தங்கம், தோல் தொங்க, முதுகெலும்பு தெரிய நின்றது. இத்தனைக்கும் தட்டில் வைத்ததை மிச்சம் வைப்பதில்லை.

"சாகுற காலம் வந்தா சாகட்டும். அதுக்காக அழுவாங்களா?" என்றார் அவள் புருஷன் செல்லசாமி பிள்ளை, திருநீற்றைக் குழைத்துக்கொண்டே.

"நுவரெலியாவுல பந்தயக் குதிரைக்கு வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் வந்திருக்காராம். நம்ம புள்ள கணேசமூர்த்தியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடுறேன்" என்றாள் சீதாலெட்சுமி.

"பூனைக்கு டாக்டரா! ஊரு சிரிக்கும்."

சொன்னாரே தவிர, தடுக்கவில்லை. வீட்டில் இருந்து இருந்து அவள் முகம் செத்துப்போயிருந்தது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. மருமகள் மனோரஞ்சிதம் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை.

போனாள் என்பதா, போக வைத்தார்கள் என்பதா? அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பூண்டுலோயாத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவே வளர்ந்த, நல்லமுத்து கங்காணியின் மகள். மீன் வாடையே நுழையாத சைவ வீட்டில், கொல்லைக் கொட்டகையில் இரண்டு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுத் தின்றாள் என்று சீதாலெட்சுமிதான் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கையில் பாதிக் கருவாட்டோடு நின்றவளைப் பார்த்து, "லயத்துப் புத்தி லயத்துக்கே போகட்டும்" என்றாள். அன்று மத்தியான ரயிலிலேயே அனுப்பியாயிற்று. கணேசமூர்த்தி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சமாதானம் பேசக் கடைக்கு வந்த கங்காணியைச் செல்லசாமி பிள்ளை வெளியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். "அந்த ஆளு வீட்டுப் படிய நம்ம வீட்டுல யாரும் மிதிக்கக் கூடாது" என்று அன்றைக்கே உத்தரவும் போட்டுவிட்டார்.

காலை ரயிலில் தாயும் மகனும் கிளம்பினார்கள். மூடிபோட்ட பிரம்புக் கூடைக்குள் தங்கம். நானுஓயாவில் இறங்கிச் சின்ன ரயிலில் மாறி நுவரெலியா சேர்ந்தபோது சித்திரை வெயில் பளிச்சென்று அடித்தது. ஊர் முழுவதும் தொப்பியும் குடையுமாக வெள்ளைக்காரக் கூட்டம்.

குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் டாக்டரின் இடம். டாக்டர் சண்முகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு குதிரையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கூடையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"பூனையோ! கொண்டு வாங்கோ."

தங்கத்தை மேசைமேல் விட்டார்கள். அது நின்ற நிலையைக் குனிந்து பார்த்தார். பின்னங்கால்களைத் தொட்டார். வாயருகே முகர்ந்தார். கூடைக்குள் விரித்திருந்த ரப்பர் துணியில் தேங்கியதை ஒரு கண்ணாடிக் குழாயில் சாய்த்து, நீல மருந்து கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சலரோகம்" என்றார். "உங்கட பக்கத்தில நீரிழிவு எண்டு சொல்லுவினம். சீனி எல்லாம் மூத்திரத்தோட போகுது. எறும்பு வந்திருக்குமே?"

சீதாலெட்சுமி தலையசைத்தாள்.

"முந்தி நல்லாக் கொழுத்த பூனையாக்கும். தோலைப் பார்க்கத் தெரியுது. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

அவள் வாய் திறக்குமுன் கணேசமூர்த்தி சொல்லத் தொடங்கினான். பொய் சொல்லத் தெரியாத குரலில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல.

"காலையில சீனி போட்ட பாலு. அப்புறம் நெய் தொட்டு இட்லி. பத்து மணிக்கு டீயில நனைச்ச பிஸ்கட்டு. மத்தியானம் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச சோறு. சாயங்காலம் அம்மா லட்டு உதுத்துப் போடுவாங்க. ராத்திரிக்குப் பால்சோறு."

கொட்டகை வாசலில் ஒரு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் வாயில் துண்டை வைத்துக்கொண்டான். தோட்டத்தில் வேலை போய் லாயத்துக்கு வந்தவன் போலிருந்தது. "ஆத்தாடி! நெய்யா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் கேலி இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் சீதாலெட்சுமியால் முறைக்கவாவது முடிந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"மீன், இறைச்சி ஏதும்?" என்றார் டாக்டர்.

"நாங்க சைவம்ங்க."

"நீங்கள் சைவம், சரி. பூனையும் சைவமோ?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாருங்கோ அம்மா. இன்சுலின் எண்டு ஒரு ஊசி மருந்து இருக்கு. மனுசருக்கே கொழும்பில இருந்து ஐசுக்குள்ள வைச்சுத்தான் வருகுது. பூனைக்கு எவ்வளவு போடவேணும் எண்டு எனக்கே தெரியாது. ஒரு சொட்டுக் கூடினால் போயிடும். அதால முதல்ல சோத்தை நிப்பாட்டுங்கோ. சீனி, பால், நெய் ஒண்டும் வேண்டாம். மீன் குடுங்கோ, முட்டை குடுங்கோ. அளவாக் குடுங்கோ. அதின்ர உடம்பு கேக்கிற சாப்பாட்டைக் குடுத்தால் சில வேளை தானாய்த் திரும்பும். இல்லாட்டி இது கன காலம் இருக்காது."

"குடுத்துடுவோம் டாக்டரய்யா. மீனே குடுத்துடுவோம்" என்றாள் சீதாலெட்சுமி.

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கணேசமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு விநாடிதான். உடனே குனிந்து கூடையின் மூடியைக் கட்டத் தொடங்கினான்.

சந்தையில் அவன்தான் போய் மீன் வாங்கி வந்தான். சாளை மீன். வாழையிலையில் சுற்றி, மேலே பழைய பத்திரிகைத் தாள். சின்ன ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மேட்டிலிருந்து வண்டி முனகிக்கொண்டு இறங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்காத."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நானுஓயாவில் பெரிய ரயிலில் ஏறிய பின் மீன் வாடை பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்தால், ஹட்டன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற ஜவுளிக்கடை ராசம்மா.

"யாரு, பிள்ளையம்மாவா? வாங்க இந்தப் பக்கம். அங்க யாரோ மீன வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. கொடலப் பொரட்டுது."

"ஆமா... யாரோ பக்கத்துல..." என்றாள் சீதாலெட்சுமி. பொட்டலம் அவள் காலடியில்தான் இருந்தது. புடவைத் தலைப்பால் அதை மூடினாள்.

"வெவஸ்த கெட்ட சனங்க. மருமக சௌக்கியமா? தாய் வீட்டுக்குப் போயிருக்குன்னு கேள்விப்பட்டேன். மொதப் பிரசவம், அங்கதான நல்லது."

"ஆமா. அங்கதான் நல்லது."

ராசம்மா தன் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சீதாலெட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பொட்டலம் மீனைத் தன்னுடையது என்று சொல்ல அவளால் முடியவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் ஒளித்தாளே, இதே போலத்தான் முந்தானையால் மூடினாளே! பக்கத்தில் போய் அதைப் பிடித்து இழுத்தது இந்தக் கைதான். பிடுங்கியபோது அவள் அழக்கூட இல்லை. "பசிக்குது அத்தே" என்று மட்டும் சொன்னாள். பருப்பும் நெய்யும் இருக்கிற வீட்டில் என்ன பசி என்று தான் கத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது.

பூனைக்கு மீன் என்று ஒருவர் சொன்னதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையாட்டியாயிற்று. வயிற்றில் பேரனோ பேத்தியோ சுமக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வட்டகொடை தாண்டியது. தலவாக்கலை ஸ்டேஷனில் வண்டி நின்றதும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, இது ஹட்டன் இல்ல."

"தெரியும். எறங்கு."

"எங்க போறோம்?"

"பூண்டுலோயாவுக்கு."

கணேசமூர்த்தியின் முகம் வெளுத்தது. "அப்பா..."

"எறங்குடா."

காலடியில் கிடந்த பொட்டலத்தை அவள் குனிந்து கையில் எடுத்தாள். ராசம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் பிளந்தது. சீதாலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

பஸ் வளைந்து வளைந்து போனது. தோட்டத்து முனையில் இறங்கியதும் கணேசமூர்த்தி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"ஏன்?"

அவன் கால் பெருவிரலால் மண்ணைக் கீறினான். பயம்தான், மாமனாரைப் பார்க்கிற பயம் என்று எண்ணிக்கொண்டு அவள் தனியாகவே மேட்டில் ஏறினாள். லயத்து வாசல்களில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கழுத்து நிறையச் சங்கிலி போட்ட பஜார் அம்மாள் ஒருத்தி, ஒரு கையில் கூடையும் மறுகையில் மீனுமாக மூச்சிரைக்க வருவதை அவர்கள் பார்த்ததில்லை.

கங்காணி வீடு லயத்துக்கு மேலே தனியாக இருந்தது. கங்காணி வேலைக்காட்டில் இருந்தார். வாசலில் தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அம்மாக்கண்ணு ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். முகத்தில் முதலில் வந்தது கோபம். அதை விழுங்கிக்கொண்டு, "வாங்க சம்மந்தியம்மா" என்று பெஞ்சைத் துடைத்தாள்.

மனோரஞ்சிதம் கதவருகே வந்து நின்றாள். வயிறு மட்டும் பெரிதாகியிருந்தது. கன்னத்தில் ரத்தமே இல்லை. கண்ணிமைகூட வெளுத்திருந்தது. சீதாலெட்சுமிக்கு வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன.

"தங்கத்துக்கு ஒடம்பு முடியல" என்றாள். "டாக்டரு மீன் குடுக்கச் சொன்னாரு. எனக்கு... அத அரிஞ்சு குடுக்கத் தெரியல தாயி."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதற்குத்தானா வந்தோம்? விரட்டிய வீட்டு வாசலில் நின்று, பூனைக்கு மீன் அரியச் சொல்லியா கேட்பது?

மனோரஞ்சிதம் அவளையே பார்த்தாள். பிறகு கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அரிவாள்மணையைப் போட்டு, வயிற்றை ஒருபக்கம் ஒதுக்கி உட்கார்ந்து, செதிள் நீக்கி, முள் எடுத்தாள். தங்கம் கூடைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மீனை முகர்ந்தது. என்னவென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொறந்ததுலேருந்து பார்த்ததில்லையே. எப்படித் தெரியும்?" என்றாள் மனோரஞ்சிதம். சதையைக் கொஞ்சம் நசுக்கி அதன் உதட்டில் தடவினாள். தங்கம் நக்கியது. மறுபடி நக்கியது. அப்புறம் உறுமிக்கொண்டே தின்னத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அது போட்டுச் சீதாலெட்சுமி கேட்டதே இல்லை.

"ரஞ்சிதம், அன்னைக்கு நான்..."

"டாக்டரு சொன்னதும் ஒத்துக்கிட்டீங்களா அத்தே?"

"ம்."

"எனக்கும் டாக்டரு சொன்னாரு." அவள் தலை நிமிரவில்லை. அரிவாள்மணையில் அடுத்த மீனைப் பிளந்தாள். "சிவராத்திரிக்கு இங்க வந்திருந்தப்ப தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டரு கண்ணப் பாத்துட்டுச் சொன்னாரு. ரத்தமே இல்ல, இப்படியே இருந்தா புள்ளையும் தங்காது, நீயும் தங்கமாட்ட, மீனு முட்டை எதாச்சும் சாப்புடுன்னாரு. நான் எப்படி அத ஒங்ககிட்ட வந்து சொல்றது? ஒங்க மகன்கிட்ட சொன்னேன். அம்மாகிட்டப் பக்குவமா நான் சொல்றேன்னாரு. நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கை நின்றது. "சொல்லலையா?"

சீதாலெட்சுமி எழுந்தாள். எப்படி மேட்டு விளிம்புக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே ரோட்டில் கல்லில் உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் குரைத்தன.

கணேசமூர்த்தி ஏறி வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

"இவ சொன்னாளா ஒங்கிட்ட?"

"சொன்னா."

"அன்னைக்கு நான் அடுப்புல தண்ணி ஊத்துறப்பவும் ஒனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"ஏன்டா வாயத் தொறக்கல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கம்மா?"

அடிக்கத்தான் கை ஓங்கினாள். கை பாதியில் நின்றது. அவன் கேட்டதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். சைவ வீட்டில் மீனா என்று குதித்திருப்பாள். ரத்தம் இல்லையென்றால் நெய் குடிக்கட்டும் என்றிருப்பாள். சின்ன வயதிலிருந்து அவளையும் அவன் அப்பாவையும் பார்த்துப் பார்த்தே வாய்பொத்தி வளர்ந்தவன் அவன். பூனையைத் தின்னவைத்தே முடக்கியதுபோல இவனையும் அடக்கி அடக்கியே முடக்கிவிட்டோமோ என்று நினைத்தபோது கை தானாகத் தொங்கியது.

அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சீதாலெட்சுமிக்கு.

ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

"கெளம்புங்கம்மா. அப்பா தேடுவாரு" என்றான் கணேசமூர்த்தி.

"நான் வரல."

"என்னம்மா சொல்றீங்க?"

"பேறு காலம் வரைக்கும் இங்க இருக்கேன். இவங்க இருக்கச் சொன்னா இருக்கேன். போகச் சொன்னா அந்தக் கல்லுல போய் ஒக்காந்துக்கிறேன்."

"அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நெசத்தச் சொல்லு. டாக்டரு சொன்னது, நீ மறச்சது, நான் அடிச்சு வெரட்டினது, எல்லாத்தையும் ஒன் வாயால சொல்லு."

அவன் மனைவியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. மனோரஞ்சிதம் அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே தன் தாயிடம் சொன்னாள்.

"அத்தே இருக்கட்டும்மா. அவரு போகட்டும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைத் திருப்பியது. ஏறி வந்த பாதையிலேயே இறங்கினான். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் மலையில் மோதி, தேய்ந்து, நின்றது. ராத்திரிக்குள் அவன் ஹட்டன் கடையில், அப்பாவுக்கு முன்னால் நிற்பான். சொல்வானா? சொன்னால் அவர் என்ன செய்வார்?

மனோரஞ்சிதம் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கூப்பிடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

சாயங்கால மூடுபனி வாசலுக்கு வந்தது. அம்மாக்கண்ணு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

"சம்மந்தியம்மா, கலியாணத்தப்போ ஒங்களுக்குன்னு தனியாப் பானையும் சமைக்க ஆளும் கொண்டாந்தீங்க. இப்ப ஒண்ணும் கொண்டாரலையே. புதுப்பானை ஒண்ணு பரண்ல இருக்கு. அதுல சோறு வைக்கட்டுமா? எங்க பானையில வைக்கட்டுமா?"

உங்கள் பானையிலேயே என்று சொல்லத்தான் சீதாலெட்சுமி வாயெடுத்தாள். அந்த இரண்டு வார்த்தைகளும் வெளியே வர மறுத்தன. எத்தனை வருஷத்து ஆசாரம் அவற்றை அழுத்திப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அம்மாக்கண்ணு அவசரப்படுத்தவில்லை. அகப்பையைக் கையில் பிடித்தபடி, பதிலுக்காக நின்றாள். உள்ளே பாயில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. மருமகளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.